தனிச் சமையல் வேண்டாம், மளிகைச் சீட்டிலிருந்து தொடங்குவோம்

கேள்வி: கணவருக்கு 42 வயது. ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.1 வந்திருக்கிறது. மாமியார் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். பத்து வயது மகனுக்குக் காய் என்றாலே முகம் சுளிக்கும். நானும் வேலைக்குப் போகிறேன், ஆளுக்கொரு சமையல் செய்ய நேரமில்லை. ஓட்ஸ், கினோவா என்று மாற வேண்டுமா, இல்லை தினமும் சாப்பிடும் இட்லி, சாம்பார் சாதத்திலேயே ஏதாவது செய்யலாமா? எங்கள் மாத மளிகை இதுதான்: பொன்னி அரிசி 25 கிலோ சிப்பம் ஒன்று, இட்லி அரிசி 10 கிலோ, கோதுமை மாவு 5, ரவையும் சேமியாவும் சேர்த்து 2, துவரம்பருப்பு 2, உளுந்து 2, பாசிப்பருப்பும் பொட்டுக்கடலையும் அரை அரைக் கிலோ, எண்ணெய் 5 லிட்டர், சீனி 4 கிலோ, உப்பு 1 கிலோ.

பதில்: மளிகைக் கணக்கையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. இருபது வருடத்துக்கு மேலாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகச் சொல்ல வராது. மறைக்கிறார்கள் என்று இல்லை, மறந்துவிடுகிறது. தாளிக்க எத்தனை ஸ்பூன் ஊற்றினோம், ரசத்துக்கு எத்தனை கரண்டி சோறு போட்டோம் என்று யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? மளிகைச் சீட்டில் எல்லாம் இருக்கும். அதனால் என்னிடம் வருபவர்களை முதலில் அந்தச் சீட்டைத்தான் எடுத்து வரச் சொல்வேன்.

கினோவாவும் வேண்டாம், ஓட்ஸும் வேண்டாம். நான்கு பேரும் ஒரே சமையலைச் சாப்பிடலாம். உங்கள் சீட்டில் ஐந்தாறு வரிகளின் அளவை மட்டும் மாற்றினால் போதும். எந்த வரியை, எவ்வளவு என்பதைப் பார்ப்போம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, கறி, மீன் எல்லாம் சேர்த்து 85 கிராம், காயும் கீரையும் 400, பழம் 100, பால் அல்லது தயிர் 300 மில்லி, கடலை, எள் போன்ற கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். உங்கள் மகனும் மாமியாரும் இதைவிடக் குறைவாகச் சாப்பிடுவார்கள், கணவர் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடலாம். வீட்டுக்கு ஒரு சராசரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் சீட்டுக்கு வருவோம். நாலு பேர், முப்பது நாள், ஆக 120 ஆள்-நாட்கள். அரிசி, கோதுமை, ரவை, சேமியா எல்லாம் கூட்டினால் 42 கிலோ. 120-ஆல் வகுத்தால் ஆளுக்கு 350 கிராம் தானியம். பருப்பு வகை எல்லாம் சேர்த்து 5 கிலோ, ஆளுக்கு 42 கிராம்கூட வரவில்லை. தானியம் இருக்க வேண்டியதைவிட நூறு கிராம் அதிகம், பருப்பு பாதிக்கும் கீழே. எண்ணெய் ஆளுக்கு 38 கிராம். சீனி 33 கிராம். உப்பு 8 கிராமுக்கு மேல்.

உங்கள் வீட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் பார்க்கும் பெரும்பாலான வீடுகளின் சீட்டு இப்படித்தான் இருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நாடு முழுக்க நடத்திய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் உங்கள் கணவரைப் போல அதன் வாசலில் நிற்கிறார்கள். அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வெளியானது. நாம் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சீனியிலிருந்தும் வருகிறது என்றது. உங்கள் 350 கிராம் தானியம் மட்டுமே 1200 கலோரி தந்துவிடுகிறது. கணக்கு அப்படியே பொருந்துகிறது, பாருங்கள்.

அந்த 2025 முடிவில் இன்னொரு விஷயமும் இருந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறி, அதையும் அதே அளவு சாப்பிட்டால் பெரிய பலன் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால்தான் நீரிழிவு அபாயம் குறைகிறது. "ராத்திரி சோறு கிடையாது, சப்பாத்திதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிடுபவர்களை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன். வரகும் சாமையும் நல்ல தானியங்கள், நார்ச்சத்து அதிகம், பிடித்தால் தாராளமாகச் சமையுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, வளரும் பையனுக்கு நல்லது. ஆனால் அவையும் தானியம்தான். சாமைச் சோறும் அளவோடுதான்.

சரி, சோற்றை எப்படிக் குறைப்பது? "குறைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்வது எளிது, நம் சாப்பாட்டு முறை அதற்கு இடம் கொடுக்காது. முதலில் சாம்பாருக்குச் சோறு, பிறகு ரசத்துக்குச் சோறு, கடைசியில் மோருக்குச் சோறு. ஒரே சாப்பாட்டில் மூன்று முறை சோறு தட்டில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் போட்டதாகத் தோன்றும். ஒரு நாள் மட்டும் வீட்டுத் தராசில் மூன்றையும் எடை போட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் விடாமல் பின்பற்றிய வழி இது: மூன்றுக்குமான சோற்றை முதலிலேயே தட்டில் ஒரே தடவையாகப் போட்டுவிடுவது. அதைத்தான் சாம்பாருக்கும் ரசத்துக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும், மறுசோறு கிடையாது. ரசத்தைப் பாதி நாட்கள் டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம், நம் ரசம் அப்படிக் குடிக்க அருமையானது. மோரையும் அப்படியே. தயிர்சாதம் இல்லாமல் சாப்பிட்டதுபோலவே இல்லை என்பவர்கள் ரசம் சாதத்தை விட்டுக்கொடுத்து தயிர்சாதத்தை வைத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒரு சோறு போனாலே மதியக் கணக்கு சரியாகிவிடும்.

இதோடு சாப்பிடும் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். பொரியலையும் கூட்டையும் தொட்டுக்கொள்ளும் பொருளாக ஓரத்தில் வைக்கிறோம். முதல் ஐந்து நிமிடம் அவற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோற்றில் கை வைக்கட்டும். காயும் பருப்பும் முதலில் உள்ளே போனால் பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கிறது, சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது. உங்கள் கணவருக்கு இது நேரடியாகப் பலன் தரும். பைசா செலவில்லை. சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது.

கஞ்சியை வடித்தால் சர்க்கரை போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. போவது கொஞ்சம் மாவுச்சத்தும், கூடவே தண்ணீரில் கரையும் பி வைட்டமின்களும்தான். சோற்றில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருக்கும். வடித்த சோறு பிடித்தால் வடியுங்கள், அதற்காக ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்ள வேண்டாம். பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி நல்லது. நெல்லை அவிக்கும்போதே தவிட்டில் உள்ள தயாமின் என்ற பி வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அதில் கொஞ்சம் மிஞ்சும்.

அடுத்தது பருப்பு. உங்கள் சீட்டில் நான் மாற்ற ஆசைப்படும் முதல் வரி இதுதான். துவரம்பருப்பு மாதம் 2 கிலோ என்றால் நாளைக்கு 66 கிராம், ஆளுக்கு 16 கிராம். அதில் கிடைக்கும் புரதம் மூன்றரை கிராம். ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது. "தினமும் சாம்பார் சாப்பிடுகிறோமே, பருப்புக்கு என்ன குறை?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் சாம்பாரில் புளித்தண்ணீர்தான் அதிகம், அடியில் கொஞ்சம் பருப்பு. கரண்டியை மேலாக விட்டு ஊற்றினால் அதுவும் தட்டுக்கு வராது.

துவரம்பருப்பை 3 கிலோவாக்குங்கள், சாம்பார் கெட்டியாக இருக்கட்டும். பாசிப்பருப்பை 1 கிலோவாக்கி வாரத்தில் மூன்று நாள் கூட்டு வையுங்கள். நம் சமையலில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ள பதார்த்தம் கூட்டு. சுரைக்காய், புடலை, சௌசௌ, கோஸ், கீரைத்தண்டு எதுவும் ஒத்துப்போகும். காயும் பருப்பும் ஒரே பாத்திரத்தில், எண்ணெய் ஒரு ஸ்பூன் தாளிப்போடு முடிந்தது. வேலைக்குப் போகும் உங்களுக்கு அடுப்பு வேலையும் மிச்சம். கூட்டைக் கிண்ணத்தில் கொடுங்கள், ஓரத்தில் ஒரு ஸ்பூன் வைக்காதீர்கள்.

மேலும் 2 கிலோ சுண்டல் வகை வாங்குங்கள்: கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, காய்ந்த பட்டாணி. இரவில் ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் ஏற்றினால் வேலை முடிந்தது. மாலையில் பிஸ்கட் டப்பா இருக்கும் இடத்தில் சுண்டல் கிண்ணம் இருக்கட்டும். நவராத்திரிக்கு ஒன்பது நாள் செய்கிறோம், மற்ற நாட்களில் நமக்கு அது நினைவுக்கே வருவதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

பருப்புச் செலவு கூடுமே என்று யோசிப்பீர்கள். அரிசியில் ஆறேழு கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், சீனி 1 கிலோ குறையும்போது பெரும்பகுதி ஈடாகிவிடும். தகுதியுள்ள குடும்ப அட்டை இருந்தால் ரேஷன் கடையில் மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். அசைவம் சாப்பிடுபவர்களாக இருந்தால் முட்டையும் மத்தி மீனும் விலைக்குத் தகுந்த நல்ல புரதம். மத்தியைக் குழம்பாக வையுங்கள். பொரித்தால் எண்ணெய்க் கணக்கு எகிறிவிடும்.

காலையும் இரவும் இட்லி, தோசைதான் என்று நினைக்கிறேன், 10 கிலோ இட்லி அரிசி அதைச் சொல்லிவிடுகிறது. இட்லி கெட்டது கிடையாது. அரைத்துப் புளிக்கவைத்து எண்ணெயில்லாமல் வேகவைத்த உணவு. ஆனால் மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான் போடுகிறோம். மூன்றுக்கு ஒன்று என்று போட்டுப் பாருங்கள், இட்லி இன்னும் மெத்தென்று வரும். வாரத்தில் இரண்டு இரவு அடை வார்த்துவிடுங்கள். அடையில் அரிசியும் பருப்பும் சம அளவு, புளிக்கவைக்கவும் வேண்டாம். ஒரு நாள் பச்சைப்பயறு தோசை. மற்ற நாட்களில் இட்லி மூன்றோடு நிறுத்தி, காய் போட்ட சாம்பாரை ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக்கொள்ளலாம். பொடியும் எண்ணெயும் குழைத்துக்கொண்டால் ஆறேழு இட்லி போவது தெரியாமல் போகும். இரவுச் சாப்பாட்டில் காயே இல்லாமல் போவதும் அந்தப் பொடியால்தான்.

காய்க்கணக்கு மளிகைச் சீட்டில் வராது. நாலு பேருக்கு நாளைக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோ என்றால் மலைப்பாக இருக்கும். இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதிவையுங்கள். ஐந்து கிலோ என்றால் அடுத்த மாதம் ஏழு ஆக்குங்கள். வெங்காயம், தக்காளி இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கைச் சேர்க்காதீர்கள், அது சோற்றோடு சேர்ந்தது. உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் ஞாயிறு காலை ஒரு நடை போய்வந்தால் வாரத்துக்கு ஆகும். கீரையை மட்டும் அன்றன்று வாங்குங்கள். முருங்கைக்கீரை மரம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் கேட்டால் கொடுப்பார்.

மகன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவை, சில சமயம் அதற்கு மேலும், தட்டில் பார்க்க வேண்டியிருக்கும். மூன்றாவது முறையே "அவனுக்குப் பிடிக்காது" என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம். ஒரு ஸ்பூன் வையுங்கள், திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அடையில் முருங்கைக்கீரை, துருவிய காரட், கோஸ் போடலாம். போட்டிருப்பதை அவனிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்துக் கொடுத்தது தெரிந்தால் அடையையும் சேர்த்து ஒதுக்கிவிடுவான். அவனுக்குப் பாலில் ஏதாவது சத்து மாவு கலக்கிறீர்கள் என்றால் டப்பாவின் பின்பக்கம் சீனி அளவைப் படித்துப் பாருங்கள்.

சீனியின் அளவு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால், காபியிலும் டீயிலும் இரண்டு இரண்டு ஸ்பூனாக மூன்று வேளை குடித்தாலே 30 வந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவாக இருந்தாலும் ரத்தத்தில் ஏறும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கருப்பட்டி என்பதால் இரண்டு ஸ்பூன் கூடப் போடுவது கணவருக்கு ஆபத்து. பழத்தைக் கடித்துச் சாப்பிடட்டும், ஜூஸ் வேண்டாம்.

உப்பு உங்கள் மாமியாருக்காக, ஆனால் எல்லோருக்கும்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். உங்கள் வீட்டில் 1 கிலோ தீர்கிறது, ஊறுகாய், அப்பளம், கடைத் தின்பண்டத்தில் வருவது தனி. ஒரே நாளில் குறைத்தால் "ருசியே இல்லை" என்று சண்டை வரும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். இந்த மாதம் 30 நாள் வந்தது அடுத்த மாதம் 34 நாள், அதற்கடுத்து 38 நாள் வரட்டும். மேசையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துவிடுங்கள். எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் உப்புக் குறைவு தெரியாது. இந்துப்பும் சோடியம்தான், பெரும்பாலும் அயோடினும் இருக்காது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தாலோ அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

எண்ணெய்க்கு ஒரு சின்ன வழி உண்டு. திங்கட்கிழமை காலை ஒரு பாட்டிலில் 800 மில்லி ஊற்றிவையுங்கள். நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு அதுதான். ஞாயிற்றுக்கிழமை பூரி வேண்டும் என்றால் நடுவாரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள், ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். செக்கு எண்ணெயின் மணம் எனக்கும் பிடிக்கும். அதிலும் கிராமுக்கு 9 கலோரிதான், அளவு மாறாது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. கணவர் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்றால் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகளோடு சர்க்கரை திடீரென இறங்கலாம். வீட்டில் யாருக்காவது சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் பருப்பையும் கீரையையும் கூட்டச் சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது. மற்றபடி மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி பாருங்கள். அந்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால் அதற்கு முன் பார்த்துப் பயனில்லை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். கணவரின் சர்க்கரை, மாமியாரின் ரத்த அழுத்தம், மகனின் காய் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருபவர் என்றால், அதற்குள் பொரியல் தீர்ந்திருக்கும், கூட்டு வழித்தெடுத்தாகிவிட்டிருக்கும். மிஞ்சுவது சோறும் ரசமும்தான், ஊறுகாயோடு சாப்பிட்டு எழுந்திருப்பீர்கள். சோறு வீணாகக் கூடாது என்று இன்னொரு கரண்டியும் போகும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. என்னிடம் வரும் பெண்களிடம் விசாரித்தால் பாதிக் கதை இந்தக் கடைசிப் பந்தியில்தான் இருக்கிறது.

அடுப்பிலிருந்து பொரியலை இறக்கியவுடன், யாருக்கும் பரிமாறுவதற்கு முன், உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவையுங்கள். கூட்டிலும் அப்படியே. கீரை வைத்த நாளில் அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கணவருக்குப் பரிசோதனை செய்யப் போகும் அதே நாளில் உங்களுக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அடுத்த மாத மளிகைச் சீட்டோடு அந்த ஹீமோகுளோபின் அளவையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.